பெத்து முடிச்சவன் முன்னால

பிலிம்காரர் என்ற பட்டப்பெயரைக் கேட்டுவிட்டு, தங்கள் பெண்ணுக்கு நடிக்க வாய்ப்புக் கேட்டு வீடு தேடி வந்தவர்கள் உண்டு. அவர் படம் பிடித்ததெல்லாம் இரும்புக் குழாய்களை. கொதிகலன், எண்ணெய்க் குழாய், ஆவி போகிற பெரிய குழாய் என்று எங்கெல்லாம் இரண்டு இரும்பை வெல்டிங் வைத்து ஒட்டுகிறார்களோ அங்கெல்லாம் போய், ஒட்டின இடத்துக்குள்ளே விரிசல் இருக்கிறதா என்று படம் எடுத்துச் சொல்வது அவர் வேலை. ஒரு பக்கமிருந்து கதிரை விடுவார்கள், மறுபக்கம் பிலிம் வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் எலும்புக்கு எடுக்கிற எக்ஸ்ரே மாதிரிதான். இங்கே நோயாளி இரும்பு என்பதால் கதிரின் வீச்சு அதிகம், அவ்வளவே.

அந்தக் கதிர் வருகிற இடத்தை அவர்கள் சோர்ஸ் என்பார்கள். மிளகு அளவு உலோகம். கனத்த பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். பெட்டியிலிருந்து நீளமாக ஒரு குழல் வெல்டிங் வரைக்கும் போகும். தள்ளி நின்று கைப்பிடியைச் சுற்றினால் மிளகு குழலுக்குள் ஓடி முனைக்குப் போய் நிற்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் பெட்டிக்குள் திரும்பிவிடும். அது வெளியே இருக்கும்போது பக்கத்தில் மனிதன் இருக்கக் கூடாது. இதற்கு வாசனை கிடையாது, சூடு கிடையாது. "மாமியார் கோபம் மாதிரி. பட்ட நேரத்துல தெரியாது, வீட்டுக்குப் போனப்புறம்தான் தெரியும்" என்று அங்கே ஒரு கேலி உண்டு.

எல்லோருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் கொடுத்திருந்தார்கள். உடம்பில் பட்ட கதிர் பேட்ஜிலும் பட்டிருக்கும். மாதம் ஒரு முறை வாங்கிக்கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். அளவு மிஞ்சியவனை வேலையிலிருந்து ஒதுக்கி வைத்துவிடுவார்கள். ஒதுக்கி வைத்தால் அடுப்பு எரியாது. ஆகவே சிரமமான வேலை வந்தால் முதல் காரியமாகப் பேட்ஜைக் கழற்றி, டீ போடும் கொட்டகையின் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அந்தப் பேட்ஜுகளெல்லாம் கடைசிவரைக்கும் பரம ஆரோக்கியமாக இருந்தன. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். இவர்கள் பூனையையும் மிஞ்சியவர்கள், கண்ணையே கழற்றி ஆணியில் மாட்டினார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சில நாள் குழல் எங்காவது நசுங்கி, சோர்ஸ் வெளியிலேயே சிக்கிக்கொள்ளும். அப்போது எல்லோரையும் விலக்கி, சுற்றிலும் கயிறு கட்டி, பாதுகாப்பு அதிகாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அவர் ஈயத் தடுப்பும் நீளக் கிடுக்கியும் எடுத்துக்கொண்டு வந்து சேர அரை நாள் ஆகும். அதுவரைக்கும் காண்டிராக்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். அதனால் ஆட்கள் தங்களுக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்கள். பெத்து முடிச்சவன் முன்னால. எவனுக்குப் பிள்ளைகள் பிறந்தாகிவிட்டதோ, இனி வேண்டாம் என்று எவன் இருக்கிறானோ, அவன் போய் எடுக்க வேண்டும். பிள்ளை இல்லாதவன் பின்னால் நிற்க வேண்டும். இதில் ஒரு நியாயம் இருந்தது, ஒருவர் மேல் ஒருவருக்கு அன்புகூட இருந்தது. முன்னால் போகிறவனுக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பிலிம்காரரின் கூட்டாளிக்கு ஒல்லி என்று பெயர். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை, பார்க்காத வைத்தியம் இல்லை. பிலிம்காரருக்கு அப்போது ஒரு பையன், நடக்கப் பழகி எல்லாவற்றையும் தட்டி உடைத்துக்கொண்டிருந்த வயது. ஒருநாள் வேலை நடக்கும்போது ஒரு குழாய்த் துண்டு உருண்டு வந்து குழலின் மேல் ஏறிவிட்டது. ஒல்லி கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். சோர்ஸ் திரும்பவில்லை. காண்டிராக்டர் தூரத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

"நான் போறேன். உனக்கு ஒண்ணுதானே இருக்கு. எனக்குத்தான் எப்படியும் இல்லைன்னு ஆயிடுச்சு" என்றார் ஒல்லி.

"வாயைக் கழுவு முதல்ல. எங்களுக்கு ஒண்ணு போதும். கடையைச் சாத்தியாச்சு."

அது பொய். கடையையும் சாத்தவில்லை, சாத்துவதைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் எழுந்ததில்லை. ஒல்லியின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. பேட்ஜைக் கழற்றி ஒல்லியின் கையில் கொடுத்துவிட்டுப் பிலிம்காரர் போனார். குழாய்த் துண்டைப் புரட்டித் தள்ளி, நசுங்கின இடத்தை இடுக்கியால் அழுத்தியும் கையால் நீவியும் வட்டமாக்கினார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. ஒல்லி சுற்றினார், சோர்ஸ் பெட்டிக்குத் திரும்பியது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று ஒல்லி அவரைக் கட்டிக்கொண்டார். காண்டிராக்டர் அடுத்த வெல்டிங்கைக் காட்டினார்.

சில நாளில் வலது கையில் இரண்டு விரல்நுனி சிவந்து தோல் உரிந்தது. வெந்நீர் பட்டுவிட்டது என்று வீட்டில் சொன்னார். அந்தத் தோல் ஆறி முடிவதற்குள் அவர் மனைவி ஒரு சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்து, முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள்.

"சரி" என்றார் பிலிம்காரர்.

"சரியா? பசுமாடு சினையா இருக்குன்னு சொன்னாக்கூட நாலு வார்த்தை கேப்பாங்க."

அவளுக்கு என்ன தெரியும்? ஒரு பொய் சொல்லிவிட்டுப் போனோம், அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு ஒரு உயிர் வந்து நிற்கிறதே என்றுதான் அவருக்குத் தோன்றியது.

பெண் குழந்தை பிறந்தது. ஒரு குறையும் இல்லை. விரல்களை எண்ணினார், காது மடலைத் திருப்பிப் பார்த்தார், நர்ஸிடம் இரண்டு தடவை கேட்டார். "என்ன சார், மாத்திக் குடுத்துட்டோமான்னு பார்க்கறீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் எண்ணுவதை நிறுத்தவில்லை.

பிறகு அவரை வெளிவேலையிலிருந்து எடுத்து, பிலிம் பார்க்கிற அறையில் உட்காரவைத்தார்கள். ஜன்னல் இல்லாத இருட்டறை. மேஜைமேல் பால்கண்ணாடி போட்ட விளக்குப் பெட்டி. அதன்மேல் பிலிமை வைத்து, முதலில் முழுசாகப் பார்க்க வேண்டும், அப்புறம் பூதக்கண்ணாடி வைத்து விரற்கடை விரற்கடையாக நகர்த்திப் பார்க்க வேண்டும். மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் அது விரிசல். நல்ல வெல்டிங் என்று தோன்றினால் இன்னொரு தடவை பார் என்பது அந்த அறையில் அவர் கற்றுக்கொண்ட பாடம். கெட்டது தன்னைத்தான் முதலில் மறைத்துக்கொள்ளுமாம்.

அந்தக் கண்ணோடுதான் அவர் வீட்டுக்கும் வந்தார். மகள் முழங்கையில் ஒரு கன்றல் தெரிந்தால் போதும், விரலால் அழுத்திப் பார்ப்பார். மூக்கில் ரத்தம் வந்தால் ஆஸ்பத்திரி. கழுத்தில் நெறி கட்டினால் ஆஸ்பத்திரி. மூத்தவன் மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டு வந்தபோது, "எலும்புதானே, ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனவர் இதே மனிதர். "பொண்ணுன்னா அவருக்கு உசுரு" என்று மனைவி தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னாள். தெருவும் நம்பியது. உசுருதான், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணைத் தூக்கிக் கொஞ்சலாம் என்று கை நீட்டும்போதெல்லாம் பயம் முந்திக்கொண்டு போய்விடும். கொஞ்ச எடுத்த கை அவள் இமையைக் கீழே இழுத்து, ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கும்.

எட்டு வயதில் அவள் ஒருநாள் கேட்டாள்.

"என்னப்பா பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததை ஏம்பா இவ்வளவு நேரம் பார்க்கறீங்க?"

அவர் எழுந்து போய்விட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கோ தொழிலே இருட்டில் பார்ப்பது. அறையில் பிலிமைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெல்டிங்கின் கோடு சில நேரம் முதுகெலும்பாகத் தெரியும். சில நேரம் சின்ன விரலாகத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அணைத்த பிறகும் அந்த விரல் கொஞ்ச நேரம் கண்ணுக்குள் மடங்கி நிமிரும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

ஒல்லிக்கு அடுத்தடுத்து இரண்டு பையன்கள் பிறந்தார்கள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர்களைப் பிலிம்காரர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "உன் புண்ணியத்துல பிறந்ததுங்க" என்பார். "என்ன புண்ணியம்?" என்று பிலிம்காரரின் மனைவி கேட்பாள். பிலிம்காரர் உடனே மழையைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுவார். ஐம்பது வயதைத் தாண்டியதும் ஒல்லிக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, மூன்று மாதத்தில் முடிந்துபோனது. பின்னால் நின்றவர் அவர். வேலையால் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவருடைய பேட்ஜும் ஆணியில் சுகமாக இருந்த பேட்ஜ்தானே.

மகள் வளர்ந்தாள். நோய்நொடி ஒன்றும் வரவில்லை. ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார், நல்லவர். மூன்று வருஷம் போயிற்று, ஐந்து வருஷம் போயிற்று, வீட்டில் தொட்டில் கட்டவில்லை. அம்மா கேட்டுக்கேட்டு ஓய்ந்தாள். "பார்க்கலாம்மா" என்பாள் மகள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பிலிம்காரர் கேட்கவே இல்லை. கேட்பானேன்? இத்தனை வருஷம் தேடின விரிசல் இதோ இருக்கிறது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். அவள் பெறாத பிள்ளையைத் தன் விரல்தான் அந்தக் குழல் பக்கத்தில் அழித்தது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. மகள் வீட்டுக்குப் போனால் அரை மணி நேரத்துக்குமேல் உட்கார முடியாது. அந்த வீடு சுத்தமாக, வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். அதுதான் அவரைத் துரத்தும்.

எழுபதைத் தாண்டியதும் அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கையில் காரணமில்லாமல் கன்றல்கள் வந்தன. மகள் கையில் காலமெல்லாம் தேடினது தன் கையில் வந்திருக்கிறதே என்று பார்த்தார். பயம் வரவில்லை, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. எனக்கே வரட்டும், இத்தோடு போகட்டும் என்று நினைத்துக்கொண்டார். மனைவி விடவில்லை. ரத்தத்தைப் பார்த்த டாக்டர் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஒரு டாக்டரம்மா கதிர்வேலை பார்த்தவர்களைத் தனியாகக் கவனித்துவந்தார். மகள் வயதுதான் இருக்கும்.

"உங்க பழைய பேட்ஜ் கணக்கு வந்திருக்கு. அதைப் பார்த்தா உங்க மேல ஒண்ணுமே படலையே" என்றார் அவர்.

பிலிம்காரர் ஆணியைப் பற்றிச் சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. பரவாயில்லை, பேட்ஜைக் கழட்டி மாட்டலாம், ரத்தத்தைக் கழட்டி மாட்ட முடியாதில்ல?" என்று ஊசியை எடுத்தார்.

சில வாரம் கழித்து அவரை உட்காரவைத்து, கம்ப்யூட்டர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். கறுப்புப் பின்னணியில் துண்டு நூல்கள் மாதிரி, சிலது பச்சை, சிலது சிவப்பு. இதெல்லாம் குரோமோசோம், உங்கள் ரத்த அணுக்குள் இருக்கிறது, சாயம் போட்டிருக்கிறோம் என்றார். ஒரு நூலில் பாதி பச்சையும் பாதி சிவப்புமாக இருந்தது.

"இங்க பாருங்க. ரெண்டு உடைஞ்சு, துண்டு மாறி ஒட்டிக்கிட்டு இருக்கு. உங்க வயசுக்காரங்க எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு இருக்கும். உங்களுக்கு ரொம்ப அதிகம். நாப்பது வருஷத்துக்கு முன்னால பட்டதும் இப்படி நிக்கும். எலும்பு மஜ்ஜை சரியா வேலை செய்யலை. அது இதனாலதான்னு ஒரு ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆயிரம் பேரை வெச்சுப் பார்த்தா, உங்க வேலை பார்த்தவங்களுக்கு அதிகமா வருதுன்னு சொல்லலாம். மருந்து இருக்கு. ஆனா இதை விடக் கூடாது, புற்றுநோயா மாறலாம்."

பிலிம்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சின்ன இடத்திலா இருந்தது?

"என் பொண்ணுக்கும் இப்படித்தான் இருக்குமா?" என்றார். அப்புறம் வாய் நிற்கவில்லை. குழல், ஒல்லி, கடையைச் சாத்தியாச்சு என்று சொன்ன பொய், மனைவி சிரித்துக்கொண்டு வந்த சாயங்காலம், பேரன் பேத்தி இல்லாத வீடு, எல்லாவற்றையும் கொட்டினார். வெளியே அடுத்த நோயாளியை அழைக்க வந்த நர்ஸை டாக்டரம்மா கையசைத்து அனுப்பிவிட்டார்.

"ஐயா, இது உங்க ரத்தத்துல நடந்தது. ரத்தத்துல இருக்கறது பிள்ளைக்குப் போகாது. பிள்ளைக்குப் போறது வேற அணு. அதுல படவே பட்டிருக்காதுன்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். எலிக்குக் கதிர் குடுத்துப் பார்த்ததுல, அது குட்டிக்குப் போறது தெரிஞ்சிருக்கு. ஆனா மனுஷங்கள்ல, அணுகுண்டு விழுந்த ஊர்ல பொழைச்சவங்க பெத்த பிள்ளைங்களைப் பல வருஷமாப் பார்த்துட்டு வர்றாங்க. பெத்தவங்க மேல பட்டதால பிள்ளைக்கு வந்த வியாதின்னு தெளிவா எதையும் காட்ட முடியலை. உங்க பொண்ணு நல்லா இருக்காங்கன்னா, நல்லா இருக்காங்க, அவ்வளவுதான்."

"குழந்தை இல்லையே டாக்டர்."

"அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். உங்க கை அதுல ஒண்ணுன்னு நான் நினைக்கலை."

அதற்குப் பிறகு அவர் மருந்தைப் பற்றியும் அடுத்த பரிசோதனையைப் பற்றியும் நிறையச் சொன்னார். ஒன்றும் பிலிம்காரர் காதில் ஏறவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஆளிடம், கேட்காமலே, "என் பொண்ணு நல்லா இருக்கா" என்று சொன்னார். அந்த ஆளும் மரியாதைக்கு, "சந்தோஷம்" என்றான். வீட்டு நிறுத்தத்தில் இறங்காமல் நேரே மகள் வீட்டுக்குப் போனார்.

அன்று கடைக்கு விடுமுறை. மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். மகள் மேஜைமேல் போர்வையை மடித்துப் போட்டு, மாப்பிள்ளையின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே அவர் சொல்ல ஆரம்பித்தார். நாற்பத்திரண்டு வருஷமாகச் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னார். டாக்டரம்மா சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். உனக்கு ஒன்றும் இல்லை, உனக்கு ஒன்றுமே இல்லையாம் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அவள் இஸ்திரியை நிறுத்தவில்லை. காலர், கை, முதுகு என்று ஒரு சட்டையை முடித்து மடித்துவைத்தாள்.

"எனக்குத் தெரியும்பா" என்றாள்.

"எது தெரியும்?"

"குழல் சிக்கினது. நீங்க போனது. ஒல்லி மாமாதான் சொன்னார். பத்தாவது படிக்கறப்ப நானே அவர்கிட்டப் போய்க் கேட்டேன், எங்கப்பா ஏன் மாமா என்னை அப்படிப் பார்க்கறார்னு. அவர் அழுதுட்டார். உங்கப்பா மாதிரி மனுஷன் கிடையாதும்மா, எனக்குப் பிள்ளை பிறக்கணும்னு அவர் முன்னால போனார், அப்போ நீ பிறக்கலைன்னு பெருமையாச் சொன்னார்."

அவள் அடுத்த சட்டையை உதறி விரித்தாள்.

"பெருமையாத்தான் சொன்னார், பாவம். அதுக்கப்புறம் நானும் கண்ணாடியில பார்க்க ஆரம்பிச்சேன்."

பிலிம்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். "அதான் சொல்றேனே, ஒண்ணும் இல்லையாம். இப்பகூட டாக்டரைப் பார்த்தா, பிள்ளை ஏன் நிக்கலைன்னு..."

"நிக்காம இல்லப்பா. நாங்க வேண்டாம்னு இருந்துட்டோம். கல்யாணத்துக்கு முன்னாலயே அவர்கிட்டச் சொல்லிட்டேன். சரின்னார்."

இத்தனை வருஷம் பிலிம்காரர் இந்த வீட்டுக்கு வந்து, தன் விரல் அழித்த பிள்ளை என்று எதை நினைத்து நினைத்து எழுந்து போனாரோ, அது அவர் விரலால் போகவில்லை.

"வியாதியோட பிறந்துடும்னு பயந்தியாம்மா?"

"அந்தப் பயம் கொஞ்ச நாள் இருந்துச்சு. அப்புறம் படிச்சேன், மருந்துக்கடையில வர்ற டாக்டருங்ககிட்ட விசாரிச்சேன். உங்க டாக்டர் சொன்னதைத்தான் அவங்களும் சொன்னாங்க. இருபது வருஷம் ஆச்சு அது." அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்திவைத்தாள். "குறையோட பிறந்தாலும் வளர்த்திருப்பேம்பா. ஆனா நீங்க என்னைப் பார்த்த மாதிரி நானும் அதைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்னு எனக்குத் தெரியும். எனக்கு வேற மாதிரி பார்க்கத் தெரியாது. அது எப்படி இருக்கும்னு அந்தப் பக்கம் இருந்து பார்த்தவ நான்."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் போய், பக்கத்து வீட்டுக்காரி கேட்டதை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தாள். எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உங்களைப் பத்தி டாக்டர் என்னப்பா சொன்னாங்க?"

அவருக்கு ஞாபகம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் சொல்லலை" என்றார். மகள் எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.